அங்கன்வாடிக்கு போட்டு வைக்கவா?

குழு: நம்ம வீட்டு ஆட்கள் (ஏப்ரல் 2025)

கவிதா: சித்தி, அங்கன்வாடிக்கு 7,783 பேர் எடுக்காங்களாமே. டீச்சருக்கு மாசம் 7,700. போட்டு வைக்கவா? இப்ப இருக்குற பிளே ஸ்கூல்ல 6,500தான். மே மாசம் அதுவும் கிடையாது.

மணி மாமா: 7,700க்கு ஒரு பிளஸ் டூவா? ஜவுளிக்கடைல பில் போட்டாலே அதைவிட ஜாஸ்தி தர்றான்.

சாந்தி சித்தி: அண்ணே, அது முதல் ஒரு வருசத்துக்குத்தான், தொகுப்பூதியம். அப்புறம் 7,700–24,200 ஸ்கேல் வந்துரும். டி.ஏ. உண்டு, இன்கிரிமென்ட் உண்டு. ஜவுளிக்கடைல நின்னா கால் வீக்கம்தான் மிச்சம்.

கவிதா: ஆயா போஸ்ட்டும் இருக்கே, அதுல போட்டி கம்மியா இருக்காதா?

சாந்தி சித்தி: வேண்டாம்டி. 4,100ல ஆரம்பிச்சு 12,500ல நின்னுரும். ஆயா டீச்சராகலாம்னு விதி இருக்கு, காலியிடம் வரணுமே! எங்க டீச்சருங்க கதையும் அதான். சூப்பர்வைசர் இடத்துல பாதி எங்களுக்குன்னு மத்திய அரசே சொல்லிருக்கு. 5 வருச சர்வீஸ் போதுமாம். நான் அதைத் தாண்டி எவ்வளவோ வருசமாச்சு, லிஸ்ட் நகரவே மாட்டேங்குது 😏

மணி மாமா: பிள்ளைகளைத் தூங்க வைக்க சூப்பர்வைசர் வேறயா 😂

சாந்தி சித்தி: ஒரு நாள் வந்து பாருங்கண்ணே. எடை, உயரம் எடுக்கணும், முட்டைக் கணக்கு எழுதணும், மாசமா இருக்குறவங்க வீட்டுக்கு நடக்கணும். இப்ப சத்துமாவு குடுக்க போஷன் டிராக்கர் ஆப்ல அவங்க முகத்தை வேற பிடிக்கணும். டவர் கிடைக்காம வெயில்ல நிக்கிறோம், ரெண்டு பேரும். தேர்தல் வந்தா வாக்காளர் பட்டியலும் எங்க தலையில. இவ்வளவுக்கும் மத்திய அரசு கணக்குல டீச்சருக்கு மதிப்பூதியம் மாசம் 4,500தான். 2018 அக்டோபர்ல ஏத்துனது, அதோட சரி.

பெரியம்மா: ரிட்டயர் ஆனா ஏதும் தருவாங்களா?

சாந்தி சித்தி: பணிக்கொடை உண்டுன்னு 2022 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சுக்கா. குஜராத் அங்கன்வாடிக்காரங்க போட்ட கேஸ். என் கையில வந்தா சொல்றேன் 🙏

கவிதா: அப்போ போடவா, வேண்டாமா?

சாந்தி சித்தி: போடு. பிளே ஸ்கூல்ல இருபது வருசம் இருந்தாலும் நீ மிஸ்தான், வேற ஒண்ணும் ஆக முடியாது. 25 முடிஞ்சிருச்சுல்ல?

கவிதா: போன தைலயே 26.

சாந்தி சித்தி: நல்லது. ஆனா அந்த ஊர் ஆளா இருக்கணும், இல்ல பக்கத்து ஊராட்சி. உன் ரேஷன் கார்டு எங்க இருக்கு?

கவிதா: இன்னும் அம்மா வீட்டுலதான் 🙈

பெரியம்மா: கல்யாணமாகி மூணு வருசமாச்சு! மாப்பிள்ளைட்ட சொல்லி நாளைக்கே தாலுகா ஆபீஸ் போங்க.