குளத்தை ஒட்டி வீடு, பின்பக்க மண் சரிகிறது. அவசரம்

பாளைக்காரன்: பாளையங்கோட்டைக்குத் தெற்கே வீடு. பின்வாசலில் இருந்து குளம் வரை சரிவு. மண் கரைந்துகொண்டே போகிறது, துவைக்கிற கல் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஐப்பசி மழைக்குள் சுவர் எடுத்துவிடலாமா? எவ்வளவு ஆகும்?

கொத்தனார்பேரன்: என்ன மண்? எத்தனை அடிக்கு எத்தனை அடி இறக்கம்? மேலே அரிக்கிறதா, அடியில் அலை தின்கிறதா? எதுவுமே சொல்லாமல் எவ்வளவு ஆகும் என்றால் எப்படி?

வெட்டிவேர்விசிறி: சுவரே வேண்டாம் அண்ணாச்சி. வெட்டிவேர் வையுங்கள். வேர் பக்கவாட்டில் ஓடாது, நேரே கீழே 3 மீட்டர்கூட இறங்கும். சரிவுக்குக் குறுக்கே மட்டம் பார்த்து வரிசையாக, தூருக்குத் தூர் அரை அடி.

பனையேறி: குளத்தங்கரைக்குப் பனைதான். நம்ம முன்னோர் முட்டாள்களா?

வெட்டிவேர்விசிறி: பனை வளர்வதற்குள் அவர் பேரன் வந்துவிடுவான்.

ஓய்வுஓவர்சியர்: இதையெல்லாம் பலமுறை எழுதியாச்சு, படிக்கத்தான் ஆளில்லை. சுவரைத் தள்ளுவது அதன் பின்னால் தேங்குகிற தண்ணீர். தண்ணீர் வெளியேறக் கசிவுத் துளை விடாமலும், பின்னால் சல்லி கொட்டாமலும் கட்டினால் காசு குளத்தில்தான். அதற்கும் முன்னால் எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடம் எடுத்துப் பட்டா எங்கே முடிகிறது என்று பாரும். குளத்துப் புறம்போக்கில் கட்டினால் 2007 ஏரி, குளம் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டப்படி இடித்துவிடுவார்கள்.

பாளைக்காரன்: செம்மண். 40 அடிக்கு 8 அடி இறக்கம் இருக்கும். மேலேதான் கோடு கோடாக அரிக்கிறது. எல்லைக்கல் இருக்கு. போன கோடையில் ஜேசிபி விட்டுச் சீமைக்கருவேலத்தை எல்லாம் எடுத்தோம், அதுக்கப்புறம்தான் இப்படி.

பனையேறி: இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா! தூரோடு பிடுங்கினால் மண்ணை எது பிடிக்கும்?

தாமிரபரணியான்: கருவேலத்துக்கு வக்காலத்தா? 2017-ல் கோர்ட்டே வெட்டச் சொன்னது.

பனையேறி: அதே வருஷம் நிறுத்தியும் வைத்தது, அதையும் சொல்லும்.

தாமிரபரணியான்: உறிஞ்சுகிற தண்ணீருக்கு யார் கணக்கு?

கொத்தனார்பேரன்: உங்கள் வழக்கை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, மொட்டைமாடித் தண்ணீர் எங்கே விழுகிறது?

பாளைக்காரன்: பின்பக்கம்தான். குழாய் சரிவின் தலைமாட்டில் முடிகிறது.

கொத்தனார்பேரன்: பிறகு அரிக்காமல் என்ன செய்யும்? 1,000 சதுர அடி மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர், அத்தனையும் ஒரே இடத்தில் விழும். குழாயை நீட்டிப் பக்கவாட்டில் இறக்கி, விழுகிற இடத்தில் கருங்கல் பாவுங்கள். சரிவில் தென்னைநார் வலை விரித்து முளை அடித்து, இடையில் வெட்டிவேர். சுவரைத் தை மாதம் யோசிக்கலாம்.

ஓய்வுஓவர்சியர்: 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அதுக்கு உம்ம நார்வலை நிற்குமா?

கொத்தனார்பேரன்: உங்கள் சுவர் மட்டும் நிற்குமாக்கும்.

பாளைக்காரன்: குழாயைத் திருப்பியாச்சு. நேற்று பெய்த மழைக்குப் புதுக் கோடு விழவில்லை. வெட்டிவேர் நாற்று பக்கத்தில் எங்கே கிடைக்கும்?

தாமிரபரணியான்: அந்தக் கருவேலம் விறகை என்ன விலைக்குக் கொடுத்தீர்கள்?