தொலைவில் உள்ள பேரடைகள் பெரியவையாகவும் சிவப்பாகவும் மட்டுமே கிடைப்பது ஏன்?

கேள்வி: வந்தாறுமூலை மாணவி

நான் பௌதிகவியல் இறுதியாண்டு மாணவி. ஆய்வுக் கட்டுரைக்காக, வானைப் படமெடுத்துப் பேரடைகளைப் பட்டியலிடும் ஸ்லோன் வான் கணக்கெடுப்பின் திறந்த தரவுத்தளத்தில் எஸ்க்யூஎல் வினவல் எழுதி, நிறமாலை பதிவான 20,000 பேரடைகளின் செம்பெயர்ச்சியையும் (ஒளியலை நீண்டு சிவப்புப் பக்கம் நகரும் அளவு, தொலைவோடு கூடும்) ஒளிப்பருமன்களையும் (பிரகாச அளவு, எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) இறக்கிக்கொண்டேன். வரைபு போட்டதும் குழப்பம் தொடங்கிவிட்டது. செம்பெயர்ச்சி 0.02 அருகே மங்கலான சிறு பேரடைகள் நிறைய இருக்கின்றன, 0.2 அருகே அப்படி ஒன்றுகூட இல்லை, இருப்பவை எல்லாம் மிகப் பிரகாசமானவை, பெரும்பாலும் சிவப்பானவை. தொலைவைப் பார்ப்பது கடந்த காலத்தைப் பார்ப்பது என்றால், பெரிதாகவும் சிவப்பாகவும் இருந்த பேரடைகள் பின்னர் சிறுத்து நீலமாகின என்றல்லவா ஆகிறது? சிறியவை இணைந்து பெரியவை உருவாகின என்றே இதுவரை படித்திருக்கிறேன்.

பதில்: ஒலுவில் வாசகர்

தங்கச்சி, வரைபு சரி, அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. நிலவில்லாத இரவில் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பாருங்கள். பக்கத்துத் தோணியில் எரியும் அரிக்கன் லாம்பும் தெரியும். தூரக் கரையிலோ பெரிய மின்விளக்குகள் மட்டுமே தெரியும். அதனால் அக்கரையில் அரிக்கன் லாம்பே இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

ஸ்லோனின் முதன்மைப் பேரடைத் தொகுதியில், ஆர் எனும் சிவப்பு வடிகட்டியில் தோற்ற ஒளிப்பருமன் (இங்கிருந்து தெரியும் பிரகாசம்) 17.77ஐ விடப் பிரகாசமானவற்றுக்கே நிறமாலை எடுத்தார்கள். அந்த எல்லையைத் தாண்ட, 0.02இல் உள்ள பேரடைக்குத் தனி ஒளிப்பருமன் (எல்லாவற்றையும் ஒரே தொலைவில் வைத்தால் தெரியும் பிரகாசம்) ஏறத்தாழ −17 இருந்தால் போதும், 0.2இல் உள்ளதற்கு −22 வேண்டும். அதாவது நூறு மடங்குக்கும் கூடுதலான ஒளி. நம் பால்வீதியை அங்கே கொண்டுபோய் வைத்தால் அதுவே பட்டியலில் இடம்பெறாது. இதை மால்ம்குவிஸ்ட் சாய்வு என்பார்கள். செம்பெயர்ச்சி 0.08க்கு உட்பட்ட, தனி ஒளிப்பருமன் −20ஐ விடப் பிரகாசமான பேரடைகளை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் வரைந்து பாருங்கள்.

பதில்: களுவாஞ்சிக்குடி ஆசிரியர்

மேலே சொன்னது முற்றிலும் சரி. ஆனால் நிறத்துக்கு வேறொரு காரணமும் சேர்கிறது. முதிய விண்மீன்கள் நிறைந்த பேரடையின் நிறமாலையில், 400 நனோமீற்றருக்குக் கீழே ஒளி சட்டென்று குறையும். செம்பெயர்ச்சி 0.2 ஆகும்போது அந்தப் படி 480 நனோமீற்றருக்கு நகர்ந்து ஜி எனும் பச்சை வடிகட்டிக்குள் வந்துவிடுவதால், பேரடை மாறாமலே நிறம் சிவந்து தெரியும். செம்பெயர்ச்சியால் வரும் இந்த மாற்றத்தைக் கழிக்கும் கே திருத்தம் செய்யாமல் நிறங்களை ஒப்பிடக் கூடாது.

நிறமாலையை வைத்து விண்மீன் பிறப்பு வீதத்தையும் கணிப்பதாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. தொடக்கத்தில் ஸ்லோன் குழுவினர் ஒவ்வோர் அலுமினியத் தட்டிலும் 640 துளைகள் இட்டு, அவற்றில் ஒளியிழைகளைக் கையாலேயே செருகினார்கள் (அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்). ஓர் இழையின் அகலம் வானில் 3 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையின் 3600இல் ஒரு பங்கு). அருகிலுள்ள பேரடையில் அது மையத்து முதிய பகுதியை மட்டுமே பிடிக்கும். தொலைவிலுள்ளதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். மேலும், 55 வில்விநாடிக்குள் நெருங்கி நிற்கும் இரண்டுக்கு ஒரே தட்டில் இழை வைக்க இயலாது என்பதால், இணையப் போகும் சோடிகளில் ஒன்று விடுபடக்கூடும்.

மறுமொழி: வந்தாறுமூலை மாணவி

இருவருக்கும் நன்றி. சொன்னபடி வெட்டி, கே திருத்தமும் செய்தேன். தொலைவோடு பெரிதாகும் போக்கு மறைந்துவிட்டது. யூ−ஆர் நிறத்தின் (யூ, ஆர் வடிகட்டிகளின் ஒளிப்பருமன் வேறுபாடு, கூடினால் சிவப்பு) பரவலில், 2.2 அருகே பள்ளம் விழுந்த இரண்டு மேடுகள் தெரிகின்றன. ஆனால் 0.08 என்பது ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகள்தானே? பரிணாமத்தை இதில் எப்படிக் காண்பது?

பதில்: ஒலுவில் வாசகர்

அந்த இரண்டு மேடுகள்தான் 2001இல் இதே தரவிலிருந்து தெளிவாகக் காட்டப்பட்டவை: விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் நீலத் திரளும், பிறப்பு ஓய்ந்த சிவப்பு வரிசையும். 1380 கோடி ஆண்டு வரலாற்றில் 100 கோடி என்பது கடைசிச் சில பக்கங்களே. அதனால் உங்கள் தொகுதியை இன்றைய நிலையாகக் கொண்டு, வானின் 2 சதுரப் பாகையை ஆழமாக ஆராய்ந்த காஸ்மாஸ் போன்ற கணக்கெடுப்போடு ஒப்பிட வேண்டும். செம்பெயர்ச்சி 1இல், அதாவது கிட்டத்தட்ட 800 கோடி ஆண்டுகளுக்கு முன், சிவப்பு வரிசையில் இருந்த விண்மீன் நிறை இன்றிருப்பதில் ஏறக்குறைய பாதிதான். நீலப் பேரடைகள் பிறப்பு ஓய்ந்து சிவப்புக்குப் போயிருக்கின்றன. நீங்கள் முதலில் நினைத்ததற்கு நேர் எதிர்த்திசை.

ஒப்பிடும்போது இரண்டு தொகுதிகளையும் ஒளிர்வால் வெட்டாமல், விண்மீன் நிறையால் வெட்டுங்கள். முன்னாளில் விண்மீன்கள் இளமையாக இருந்தமையால் அதே நிறை கூடுதலாக ஒளிர்ந்தது. ஒளிர்வால் வெட்டினால் பழைய பிழை வேறு வாசலால் உள்ளே வந்துவிடும்.