பழைய 12 போர் துப்பாக்கிக்கு ஈயமில்லாத ரவை: வீட்டிலேயே தோட்டா அடைக்கலாமா?

திபால்_மகன்:
வணக்கம் அண்ணன்மாரே. நிபோங் திபால் பக்கம் அப்பாவுக்கு மூணு ஏக்கர் செம்பனை, அதான் எண்ணெய்ப்பனை. மறுநடவு கன்னுங்களோட குருத்தை ராத்திரியோட ராத்திரியா காட்டுப்பன்னி தோண்டித் தின்னுட்டுப் போவுது. அப்பாகிட்ட லைசென்ஸ் உள்ள துப்பாக்கி இருக்கு. நடுவுல மடிச்சுத் திறக்கிற ரகம், அவர் மலாய்ல 'சினாப்பாங் பாத்தா'ன்னுதான் சொல்வார். ரெட்டைக்குழல், 12 போர் (குழலோட சைஸ்), இங்கிலாந்து சாமான். எஸ்டேட் மேனேஜர் ஒருத்தர் ஊருக்குப் போகும்போது முறைப்படி பேர் மாத்தி வாங்கினது.

போன வாரம் அம்மா வச்ச பன்னிக்கறியில 'கடக்'. எடுத்துப் பார்த்தா ஈயத்துண்டு, பச்சைப்பயறு அளவு, ஒரு பக்கம் நசுங்கி இருக்கு. என் வீட்டுக்காரிக்கு இப்ப அஞ்சாம் மாசம். அன்னிக்கு அவளும் சாப்பிட்டா. அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல.

தேடிப் பார்த்தேன். தோட்டாக்குள்ள இருக்கிற குட்டி உருண்டைங்களைத்தான் ரவைன்னு சொல்றது. வெளிநாட்டுல இரும்பு ரவை, பிஸ்மத்ங்கிற உலோக ரவைன்னு ஈயம் இல்லாம போடுறாங்க. ஸ்டோர் ரூம்ல ஒரு பழைய மைலோ டின்னுல தோட்டா வாயை மடிக்கிற கைமெஷின் ஒண்ணு கெடந்துச்சு. கூடவே பத்துப் பன்னெண்டு காகிதத் தோட்டா. பித்தளை பச்சை பூத்து, காகிதம் உப்பிப் போயிருக்கு. நான் பிறையில ஃபேக்டரி டூலிங் செக்‌ஷன்ல வேலை, அளவெடுக்கிறது எனக்குப் பெரிய வேலை இல்ல. கடைத் தோட்டாவைப் பிரிச்சு, ஈயத்தைக் கொட்டிட்டு, அதே கணக்குக்கு இரும்பு ரவை போட்டு மடிச்சா என்ன ஆகும்?

பழைய_இரும்பு:
ஏன் தம்பி இவ்ளோ யோசனை? சைக்கிள் கடையில பால்ரஸ் கெடைக்கும். உருண்டையா இருக்கு, ஈயமும் கெடையாது.

எட்மன்டன்_மச்சான்:
மேல இருக்கிற யோசனையை யாரும் படிச்சிட்டு நம்பிடாதீங்க. நான் பட்டர்வொர்த்ல வளர்ந்தவன், இப்ப கனடாவுல இருக்கேன். இங்க வாத்து வேட்டைக்கு 1999லேர்ந்து ஈய ரவை கூடாது. அமெரிக்காவுல 1991லேயே நிறுத்திட்டாங்க. வீட்டுல தோட்டா அடைக்கிறது இங்க சட்டப்படி உள்ள பழக்கம், எனக்கும் உண்டு. அந்த அனுபவத்துலதான் சொல்றேன்: நீ கேக்குற மாதிரி மாத்திப் போடுற வேலை எங்கயும் கெடையாது.

பால்ரஸ் கடினப்படுத்தின எஃகு. வேட்டைக்கு விக்கிற இரும்பு ரவை சூடுபண்ணி மெதுவாக்கின இரும்பு. அந்த மெது இரும்பே பழைய குழலுக்கு ஆகாது. ஈயம் குழலோட வாய்க்கிட்ட குறுகுற இடத்துல நசுங்கி வழிவிட்டுப் போவும். சோக்குன்னு சொல்றது அந்த இடத்தைத்தான். இரும்பு நசுங்காது, குழல்தான் விரிஞ்சு கொடுக்கணும். மெல்லிசான பழைய குழல்ல வெளிப்பக்கம் ஒரு மோதிரம் போட்ட மாதிரி வீங்கி நிக்கும். நான் கண்ணால பார்த்திருக்கேன். விரலை வச்சுத் தடவினாத்தான் தெரியும், ஆனா அதுக்கு அப்புறம் அந்தக் குழல் சுவத்துல மாட்டத்தான் லாயக்கு.

அடுத்தது எடை. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், இரும்பு 7.8 தான். அதே எடைக்கு இரும்பு போட்டா இடம் பத்தாது, அதே இடத்துக்குப் போட்டா எடை குறையும். ரெண்டுலயும் உள்ளே அழுத்தம் வேற மாதிரி ஏறும். அதனாலதான் இரும்புக்கு வெடிமருந்து வேற, மருந்துக்கும் ரவைக்கும் நடுவுல வைக்கிற அடைப்பு வேற, குழலை உராயாம இருக்க கெட்டியான பிளாஸ்டிக் கிண்ணம் வேற. சோதனைக்கூடத்துல அளந்த அட்டவணையில இருந்து ஒரு சாமானைக் கூட மாத்தக் கூடாது. டூலிங் ஆளுன்னு சொன்னியே, டாலரன்ஸ்னா, அதான் அளவு எவ்வளவு தவறலாம்ங்கிற கணக்கு, என்னன்னு உனக்கு நான் சொல்லணுமா?

பழைய துப்பாக்கிக்கு ஏத்தது பிஸ்மத். அதே ஒரு கன சென்டிமீட்டருக்கு 9.7 கிராம், ஈயத்துக்குப் பக்கத்துல வருது, சோக்குல வழிவிடும். சும்மா போட்டா கண்ணாடி மாதிரி நொறுங்கும்னு கொஞ்சம் வெள்ளீயம் கலப்பாங்க. விலைதான் வாய் பொளக்க வைக்கும்.

ஒண்ணு கேக்குறேன். அப்பா பன்னிக்கு எந்த நம்பர், அதாவது எந்த சைஸ் ரவை, போடுறார்? குழலோட அடிப்பக்கம் என்ன முத்திரை இருக்கு?

ஓய்வு_சார்ஜன்:
தம்பி, இரும்பா பிஸ்மத்தாங்கிறது அப்புறம். மலேசியாவுல லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறது 1960 ஆயுதச் சட்டப்படி பெரிய குத்தம். அப்பாவுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் இருந்தா அது வச்சிருக்கத்தான், அடைக்கிறதுக்கு இல்ல. பிரிச்சு மாத்தி மடிக்கிறதும் அதுக்குள்ளதான் வரும். விளையாட்டா செஞ்சேன்னு கோர்ட்டுல சொன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க.

இன்னொண்ணு. லைசென்ஸ் அப்பா பேர்ல. அவர் இல்லாதப்ப நீ அலமாரியைத் திறந்து துப்பாக்கியை எடுத்தேன்னா அதுவே கேசு. எழுதியிருக்கிறதைப் பார்த்தா நீ இன்னும் தொடலைன்னு நெனைக்கிறேன், தொடாதே. அந்த மைலோ டின்னு லைசென்ஸ்ல எழுதின தோட்டாக் கணக்குல வருதா? வராதுன்னுதான் தோணுது. உப்பின தோட்டாவை ஆட்டாதே, பிரிக்காதே, குப்பையில போடாதே. அப்பாவை பாலாய்க்கு (போலீஸ் ஸ்டேஷனுக்கு) போன் பண்ணி, இந்த மாதிரி பழைய சாமான் கெடைச்சிருக்குன்னு முதல்ல சொல்லச் சொல்லு. எப்படிக் கொண்டுவரணும்னு அவங்களே சொல்வாங்க. தானா போய்ச் சொல்றவனை நடத்துற விதமே வேற. நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன்.

பன்னி சுடுறதுக்கு வனவிலங்கு இலாகா, அதான் பெர்ஹிலித்தான், லைசென்ஸும் கையில இருக்கணும், மறக்காதீங்க.

வார்டு_அக்கா:
தம்பி, வீட்டுக்காரியைப் பத்தித்தான் நான் பேசப் போறேன். ஒரு நாள் சாப்பிட்டதுக்கு இடிஞ்சு உட்கார வேணாம். ஆனா அடுத்த செக்கப்ல டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, ரத்தத்துல ஈயம் பார்க்க டெஸ்ட் இருக்கு. ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும். இவ்வளவுக்குள்ள இருந்தா பரவாயில்லன்னு சொல்ற அளவே கெடையாது. 2012ல இங்கிலாந்து உணவுத் துறையே கர்ப்பிணியும் சின்னப் பிள்ளைங்களும் ஈயத்தால சுட்ட வேட்டைக்கறியைக் குறைச்சுக்கணும்னு சொல்லிருச்சு.

கடிபட்ட துண்டைத் துப்பிட்டீங்க, சரி. கண்ணுக்குத் தெரியாத பொடி கறிக்குள்ள தெறிச்சிருக்கும், அதுதான் பிரச்சினை. நம்ம வீட்டுல வேற புளி ஊத்தி, ஒரு மணி நேரம் கொதிக்க விடுவோம். புளிப்புல ஈயம் இன்னும் நல்லாக் கரையும். அம்மா கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, பிள்ளை பொறந்து பால் குடி மறக்கிற வரைக்கும் அந்தச் சட்டி அவங்க பக்கம் வரக்கூடாது.

திபால்_மகன்:
எல்லாருக்கும் நன்றி. சார்ஜன் அண்ணே, சத்தியமா தொடல. நேத்து அப்பாவே எடுத்து, தோட்டா இல்லன்னு காட்டி, குழலைக் கழட்டிப் பிடிச்சார். நான் டார்ச் மட்டும் அடிச்சேன். அடிப்பக்கம் கிரீடம், அதுக்குக் கீழ 'பி.என்.பி', அப்புறம் '2½', '3 டன்', அதுக்குப் பக்கத்துல குட்டியா ஒரு சதுரம். பன்னிக்கு எஸ்.ஜி.தான் போடுறாராம். இடது குழல் ஃபுல் சோக், வாய் ரொம்பக் குறுகல்.

எட்மன்டன்_மச்சான்:
பர்மிங்ஹாம் நைட்ரோ முத்திரை, அதாவது புகையில்லாத மருந்துக்குச் சோதிச்ச குழல். டன் கணக்குல இருக்கிறதால 1954க்குப் பிந்தின சோதனை. சதுரம்னா சதுர அங்குலத்துக்கு 3 டன் அழுத்தம்னு அர்த்தம். நல்ல துப்பாக்கிதான், கரிமருந்து காலத்துல இரும்புப் பட்டையை முறுக்கிச் செஞ்ச குழல் இல்ல.

எஸ்.ஜி.ன்னா ஒரு உருண்டை 8.4 மி.மீ. அந்த சைஸ்ல இரும்பு, அதுவும் ஃபுல் சோக்குக்குள்ள! மூணு பேர் ஒரே நேரத்துல ஒத்தைக் கதவுல நுழையிற கதை. இரும்புப் பேச்சை இதோட விட்டுடு.

ஆனா '2½'தான் எனக்கு உறுத்துது. அது தோட்டா உட்கார்ற அறையோட நீளம், 2½ அங்குலம், 65 மி.மீ.னு சொல்றது. அப்பா இப்ப வாங்குற பெட்டியில என்ன போட்டிருக்கு?

திபால்_மகன்:
70 மி.மீ.

எட்மன்டன்_மச்சான்:
அங்கதான் இருக்கு விஷயம். அந்த 70ங்கிறது சுட்டு வாய் விரிஞ்ச பிறகு உள்ள நீளம். மடிச்ச தோட்டா அதைவிடக் குட்டை, அதனால 65 அறைக்குள்ள அழகா உட்காரும், மூடியும் போகும். ஒண்ணும் தெரியாது. சுடும்போது மடிப்பு விரிய இடம் இல்லாம குறுகலுக்குள்ள போய் விரியும், பின்னாடி வர்ற அடைப்பு அந்த இடுக்குல நெருக்கிட்டு வரும், அழுத்தம் ஏறும். அப்பாவுக்குத் தோள் வலிக்குதா? சுட்ட கூட்டோட வாய் பிஞ்சிருக்கா?

திபால்_மகன்:
ரெண்டு வருஷமா தோள்ல கோயான் தைலம் தேய்க்கிறார். வயசாயிடுச்சு, அதான்னு சொல்லிக்கிட்டு இருந்தார். கூட்டைத் தோட்டத்துல பொறுக்கிப் பார்த்தேன், வாய் துணி கிழிஞ்ச மாதிரி நாரு நாரா இருக்கு.

ஓய்வு_சார்ஜன்:
சுடுறதை நிறுத்தச் சொல்லு. லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்கு அப்பாவே கொண்டுபோய் அறையை அளக்கட்டும்.

திபால்_மகன்:
பத்து நாள் கழிச்சு எழுதுறேன். கடைக்காரர் அளந்தார், 65தான். முன்னாடி இருந்தவங்க யாரும் அறையை நீட்டலை. குழல்ல வீக்கம் இல்ல, ஆனா பூட்டு கொஞ்சம் ஆடுதுன்னு இறுக்க வாங்கி வச்சிருக்கார். இனி 65 அறைக்கு ஆகும்னு பெட்டியிலேயே போட்டிருக்கிற தோட்டாதான். பிஸ்மத் அவர்கிட்ட இல்ல, வரவழைச்சா என்ன விலைன்னு கேட்டுச் சொல்றேன்னார். அப்பா அதைக் கேட்டு, "பன்னியைவிட தோட்டா விலை ஜாஸ்தியாடா?"ன்னு ஒரு மாதிரி பார்த்தார். அதனால ஈயம்தான், ஆனா சுட்ட கறி வீட்டுக்கு வராது. பன்னி வர்ற பக்கம் கம்பிவலை அடிக்கவும் சம்மதிச்சிட்டார்.

மைலோ டின்னை பாலாய்ல ஒப்படைச்சாச்சு. ரெண்டு மணி நேரம் உட்கார வச்சாங்க, அப்புறம் டீ கொடுத்தாங்க. வீட்டுக்காரிக்கு ரத்த டெஸ்ட் பார்த்தாச்சு, பயப்பட ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொன்னார்.

பழைய_இரும்பு:
பால்ரஸ் சொன்னதுக்கு மன்னிச்சுக்க தம்பி. சைக்கிள் கடைக்காரன் புத்தி. அது சரி, வீட்டுக்கு வராத கறி எங்க போகுது? நான் மாசமா இல்ல.

வார்டு_அக்கா:
உங்க வீட்டுல பேரப்பிள்ளைங்க இல்லையா?

பழைய_இரும்பு:
மூணு இருக்கு. சரி விடுங்க, கேக்கல.