மதியம் வரை தண்ணீரே குடிக்காத பையன். நான் என்ன செய்யலாம்?

கணக்கு டீச்சர் (கேள்வி):

வணக்கம். வேலூர் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்கிறேன். எட்டாம் வகுப்பில் ஒரு பையன், நன்றாகப் படிப்பான், நோட்டைத் திறந்தால் கையெழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும். நடை, பேச்சு, கையை அசைக்கிற விதம் எல்லாம் மற்ற பையன்கள் மாதிரி இல்லை என்று வகுப்பே அவனைக் கேலி செய்கிறது. வாய்ப்பாடு சொல்லும்போது ஒன்பது என்று வந்தால் போதும், பின்பெஞ்சில் சிரிப்பு ஆரம்பித்துவிடும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இப்போது கொஞ்ச நாளாகக் கவனிக்கிறேன், காலையில் வந்ததிலிருந்து அவன் தண்ணீரே குடிப்பதில்லை. கேட்டால் "தாகம் இல்லை டீச்சர்" என்கிறான். கழிப்பறைக்குப் போனால் கதவைத் தள்ளித் திறந்து பார்க்கிறார்களாம், இன்னொரு பையன்தான் வந்து சொன்னான். ஹெச்.எம். நல்ல மனிதர், ஆனால் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், இப்போதே கண்டித்தால் சரியாகிவிடும் என்கிறார். பி.டி. சார் தினமும் கிரவுண்டில் ஓடவிடலாம் என்கிறார். இரண்டும் தப்பு என்று மனசு சொல்கிறது, ஆனால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அடுத்த வருடம் அவன் ஒன்பதாம் வகுப்பு வேறு.

பத்தோடு நின்றவள்:

டீச்சர், நான் திருநங்கை. கெஞ்சிக் கேட்கிறேன், அந்தப் பிள்ளையைக் கேட்காமல் வீட்டுக்குச் சொல்லாதீர்கள். என் வகுப்பாசிரியரும் நல்லது என்று நினைத்துத்தான் அப்பாவைக் கூப்பிட்டார். ஸ்டாஃப் ரூம் வாசலிலேயே அடி விழுந்தது, மறுநாள் மொட்டை அடித்தார்கள், அப்புறம் மந்திரிக்கிறவர், அப்புறம் ஒரு டாக்டர், மாத்திரை. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு நான் பள்ளிப் பக்கமே போகவில்லை. பள்ளியில் கேலி மட்டும் இருந்தவரை நான் எப்படியோ தாங்கினேன், வீடும் அப்படி ஆனபோதுதான் ஓடினேன்.

இன்னொன்று. அவன் யார் என்று நீங்களும் முடிவு செய்ய வேண்டாம். பெரியவனாகி திருநங்கையாக இருக்கலாம், தன்பாலீர்ப்பாளராக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமல் மென்மையான ஒரு ஆணாகவும் இருக்கலாம். அது அவனுக்கே இன்னும் தெரியாமல் இருக்கும். "நீ அதுவா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "யார் உன்னைத் தொந்தரவு செய்கிறார்கள், எந்த நேரத்தில், எங்கே" என்று கேளுங்கள், அதற்கு அவனால் பதில் சொல்ல முடியும்.

மதுரை வக்கீல்:

ஹெச்.எம்.முக்குக் காட்ட ஒரு தாள் வேண்டுமென்றால், சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று போட்ட உத்தரவை எடுத்துக்கொடுங்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். ஒருவரையொருவர் விரும்பி, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரண்டு பெண்கள் பாதுகாப்பு கேட்டுப் போட்ட வழக்கு அது. பள்ளி கல்லூரிகள் என்ன செய்ய வேண்டும் என்று அதில் தனியாகவே சொல்லியிருக்கிறது: எந்தப் பாலினத்தவரும் போகக்கூடிய கழிப்பறை வேண்டும், பி.டி.ஏ. கூட்டத்தில் பெற்றோருக்குப் புரியவைக்க வேண்டும், பாலினத்திலும் பாலீர்ப்பிலும் வேறுபட்ட மாணவர்களைப் புரிந்துகொள்கிற ஆலோசகர் வேண்டும், திருநர் மாணவர்களின் பெயரையும் பாலினத்தையும் சான்றிதழில் மாற்ற எளிய வழி வேண்டும். இந்த விஷயத்தில் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்று சொல்லி, தீர்ப்புக்கு முன்னால் நீதிபதி ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். உங்கள் ஹெச்.எம். நல்ல மனிதர் என்கிறீர்களே, அவரிடம் இதைத்தான் முதலில் சொல்லுங்கள், சட்டத்தை வைத்து மிரட்டுவதைவிட இது வேலை செய்யும்.

டாக்டரிடம் காட்டி "மாற்றுவதற்கு" அதே உத்தரவில் தடை இருக்கிறது. அப்படிச் சிகிச்சை செய்கிற டாக்டர் தொழில் ஒழுங்கை மீறுகிறார் என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022இல் சொல்லிவிட்டது.

கழிப்பறை விஷயத்தைச் சாதாரணக் கேலி என்று விட்டுவிடாதீர்கள். பாலியல் நோக்கத்தோடு தொடுவது, அப்படிச் சீண்டுவது என்று போனால் அது போக்சோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கிற சட்டம். அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயதுக்குக் கீழே யாராக இருந்தாலும்தான், பையனுக்கும் பொருந்தும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது பெரியவர்கள் மேல் குற்றமாக வரும். குழந்தைகள் உதவி எண் 1098க்கு நீங்களே பேசலாம், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417ம் இருக்கிறது.

அறிவியல் சார்:

டீச்சர், சட்டம் எல்லாம் சரி, நாளைக் காலையே செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். ஆசிரியர் கழிப்பறைச் சாவியை அவனுக்குக் கொடுங்கள். அவனுக்கு மட்டும் என்று இல்லாமல், உடம்பு சரியில்லாதவர், கூச்சம் உள்ளவர் யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம் என்று பொதுவாக அறிவியுங்கள். தனியாகக் கொடுத்தால் அதுவே இன்னொரு கேலிக்கு வழி. எங்கள் பள்ளியில் இப்படிச் செய்தபோது முதலில் வந்து கேட்டது நாங்கள் நினைத்தே பார்க்காத இரண்டு பேர், ஒருவன் உடம்பு கொஞ்சம் பருமன் என்று கூசியவன், இன்னொருவனுக்குக் கால் ஊனம்.

அடுத்தது வகுப்பில். அந்த வார்த்தை காதில் விழுந்த நொடியே நிறுத்துங்கள். பெரிய உரை வேண்டாம், அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள், "இந்த வகுப்பில் இந்த வார்த்தை இல்லை" என்று சொல்லிவிட்டுக் கணக்கைத் தொடருங்கள். ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும், ஒரு தடவை விட்டாலும் டீச்சருக்குச் சம்மதம் என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். கஷ்டமான இடம் ஸ்டாஃப் ரூம்தான். அங்கே நாம் சிரிப்பது பிள்ளைகளுக்குக் கேட்கிறது. பிள்ளைகள் புகார் எழுதிப் போடுகிற மாணவர் மனசுப் பெட்டியை நம்பி மட்டும் இருக்காதீர்கள். சென்னையின் சகோதரன் அமைப்போடு சேர்ந்து யுனெஸ்கோ தமிழ்நாட்டில், பாலினத்திலும் பாலீர்ப்பிலும் வேறுபட்ட இளைஞர்களிடம் எடுத்த ஆய்வில், நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் அடி உதையைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 60 சதவீதம், பள்ளியில் புகார் சொன்னவர்களோ 18 சதவீதம்தான். நீங்கள் தண்ணீரைக் கவனித்தீர்களே, அந்தக் கண்தான் வேண்டும்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

தப்பாக நினைக்காதீர்கள், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். இதையெல்லாம் வகுப்பில் பேசினால் மற்ற பிள்ளைகளும் அப்படி ஆகிவிட மாட்டார்களா?

பத்தோடு நின்றவள்:

ஆக மாட்டார்கள் அக்கா. என் வகுப்பில் யாருமே இதைப் பேசவில்லை, நான் இப்படித்தான் இருந்தேன். பேசியிருந்தால் பன்னிரண்டு வரை படித்திருப்பேன்.

கணக்கு டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. நான்கு நாள் ஆயிற்று. வீட்டுக்குச் சொல்லவில்லை. அவனிடம் கேட்டேன், அம்மாவிடம் மட்டும் தானே பிறகு சொல்லிக்கொள்கிறேன் என்றான், அப்பாவிடம் வேண்டவே வேண்டாம் என்றான், சரி என்றேன். கதவைத் தள்ளியது மூன்று பேர், மூவரிடமும் தனித்தனியாகப் பேசியாயிற்று. தொட்டார்களா என்று அவனிடம் கேட்டேன், இல்லை என்றான். ஆனாலும் இனி ஒரு தடவை நடந்தால் 1098க்குத்தான் என்று ஹெச்.எம்.மே அவர்களிடம் சொல்லிவிட்டார். அந்த நீதிபதி கதையைச் சொன்ன பிறகு அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை. பி.டி. சார் இன்னும் அதே பேச்சுதான்.

சாவி இப்போது அலுவலக அறை ஆணியில் தொங்குகிறது, யாரும் எடுக்கலாம். இரண்டு வாரத்தில் பி.டி.ஏ. கூட்டம், இதைப் பற்றிப் பேச ஹெச்.எம். இருபது நிமிடம் தருகிறேன் என்கிறார். வேலூர், ராணிப்பேட்டை பக்கம் பெற்றோர் முன்னால் பேசிப் பழகியவர்கள் யாராவது இருந்தால் இங்கேயே சொல்லுங்கள், பஸ் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.