ஃப்ராங்கோஃபோன் – தமிழ்ல என்னன்னு சொல்றது?

ஐயா, வணக்கம். பிரான்ஸுக்கு வெளியே இருக்கறவங்க பிரெஞ்சுல எழுதற 'ஃப்ராங்கோஃபோன்' இலக்கியத்துக்குத் தமிழ்ல நீங்க சொன்ன 'பிரெஞ்சு பேசுவோர் இலக்கியம்' சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனா கிளாஸ்ல அது நிக்க மாட்டேங்குது. போன வாரம் செனகல் நாட்டுக் கவிஞர் செங்கோரோட கவிதை நடத்திட்டிருந்தேன், கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு 'மேடம், செனகல்ல வீட்லயும் பிரெஞ்சுதானா'ன்னு கேட்டா. இல்லம்மா, செங்கோர் அந்த ஊர் செரேர் இனத்து வீட்டுப் பிள்ளை, பிரெஞ்சு மிஷன் ஸ்கூல்ல போய்ப் படிச்சது, தெருவுல ஜனங்க பேசறது பெரும்பாலும் அந்த ஊர் மொழியான வொலோஃப்னு சொன்னேன். 'அப்ப நம்ம இங்கிலீஷ் மீடியம் மாதிரி'ன்னுட்டா! (ப்ளஸ் டூல மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்த கூட்டம்தான், ஆனாலும் திடீர்னு இப்படி ஒண்ணு வந்து விழும்.)

அதுலேர்ந்துதான் 'பிரெஞ்சுவழி இலக்கியம்'னு தோணுச்சு, தமிழ்வழி ஆங்கிலவழின்னு அட்மிஷனுக்கு அலையற எல்லாருக்கும் தெரிஞ்ச அதே 'வழி'. 1880ல ஃப்ராங்கோஃபோனிங்கற சொல்லை உண்டாக்கின ஒனெசிம் ரெக்லு புவியியல்காரர், யார் யார் எந்த மொழி பேசறாங்கன்னு உலகத்தைப் பிரிச்சுப் பார்க்க அவருக்கு 'பேசுவோர்' போதும். நமக்கு எழுதறவங்கதானே வேணும்.

'புலம்பெயர் பிரெஞ்சு இலக்கியம்' மட்டும் வேண்டவே வேண்டாம். செனகல் தலைநகர் டக்கார்ல உக்காந்து எழுதறவங்க எங்க புலம்பெயர்ந்தாங்க? மொழிதான் கப்பலேறி வந்துச்சு. வெறும் 'பிரெஞ்சு இலக்கியம்'னா பாரிஸ்காரங்க மட்டும் உள்ள உக்காந்துக்குவாங்க, மத்தவங்களுக்கு தனி அலமாரி. அந்த அலமாரியே கூடாதுன்னுதான் 2007 மார்ச்ல 44 எழுத்தாளர்கள் லெ மோந்த்ங்கற பிரெஞ்சுப் பத்திரிகைல அறிக்கை விட்டாங்க, 'பிரெஞ்சுல ஒரு உலக இலக்கியம்'னு சொல்லணுமாம். நியாயம்தான், ஆனா எனக்கு ஒரு பேப்பருக்குத் தலைப்பு வேணுமே. 'வழி' பத்தி நீங்க கேட்டிருந்தது இது:

> 'வழி'ன்னா ஆங்கிலவழி வந்த மொழிபெயர்ப்பு மாதிரி ஆயிடாதாம்மா? ரஷ்ய நாவல் பல நமக்கு அப்படித்தானே வந்துச்சு. அப்புறம் கனடாவுல இருக்கற கியூபெக் மாகாணத்தை எங்க வைப்பீங்க?

மொழிபெயர்ப்புக் குழப்பம் ரெண்டு நாள்ல பழகிடும் ஐயா. கியூபெக்தான் நிஜமாவே இடிக்குது, அங்க பெரும்பாலானவங்களுக்கு பிரெஞ்சு தாய்மொழி, ஸ்கூல்ல வந்து ஒட்டினது இல்ல, அதனால 'வழி' பொருந்தாது. மலேசியத் தமிழ் இலக்கியம், ஈழத்தமிழ் இலக்கியம்னு ஊர் பேரை முன்னாடி போடறோம்ல, அதே மாதிரி கியூபெக் பிரெஞ்சு இலக்கியம்னு தனியா வெச்சுக்கலாம். அப்ப பேப்பர் தலைப்பு கொஞ்சம் நீளும், பரவால்ல.

அந்தப் பொண்ணுகிட்டயும் கேட்டுப் பாத்தேன். 'பிரெஞ்சு மீடியம் இலக்கியம்னே போடுங்க மேடம், எதுக்கு இவ்ளோ கஷ்டம்'ங்கறா.