கமிட்டி அறிக்கைகளால் வார்டில் என்ன மாறுது?

மதுரை ஸ்டாஃப்:
தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். நைட் டியூட்டியில் ஆண்கள் மெடிக்கல் வார்டு முழுக்க நான் ஒருத்திதான். இன்சுலின் போடும் முன்னாடி இன்னொரு நர்ஸ் டோஸைப் பார்த்துக் கையெழுத்துப் போடணும்னு எங்க ஆஸ்பத்திரி விதியே இருக்கு. பக்கத்து வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டா அவங்க வார்டில் ஆள் இல்லாமப் போகுது. காலேஜில் நாட்டோட சுகாதார நிலையை ஆராஞ்ச போர் (Bhore) கமிட்டி, நர்ஸுங்க நிலையை ஆராஞ்ச வரதப்பன் கமிட்டி எல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணோம். அதெல்லாம் யாருக்காக எழுதினது?

ஓய்வுபெற்ற சூப்பரின்டெண்டன்ட்:
உனக்காகத்தான்மா எழுதினது. போர் கமிட்டி அறிக்கை 1946-ல் வந்தது. மறுவருஷமே இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்து, பயிற்சிக்கு நாடு முழுக்க ஒரே தரம்னு ஆச்சு. படிப்பு சீரானது, வார்டில் ஆள்தான் கூடலை. போதனா மருத்துவமனைன்னா மூணு படுக்கைக்கு ஒரு நர்ஸ், மத்த இடத்தில் அஞ்சுக்கு ஒருத்தர், லீவுக்காக 30 சதவீதம் கூடுதல்னு கவுன்சில் கணக்கே இருக்கு. சரோஜினி வரதப்பன் குழு 1989-ல் வாரம் 40 மணி நேர வேலைன்னு பரிந்துரைச்சது. எதையும் எந்த அதிகாரியும் என் வார்டுக்கு வந்து சரிபார்த்ததில்லை.

ஒரு அறிக்கைக்கு உயிர் வந்ததைப் பார்க்கணும்னா கேரளாவைப் பாரு. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுங்க சம்பளத்தை ஆராய மத்திய அரசு குழு போட்டது. 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட மாசச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாதுன்னு அந்தக் குழு சொன்னது. அறிக்கை எல்லா மாநிலத்துக்கும் போச்சு. கேரளா நர்ஸுங்க அதைக் கையில் வச்சுக்கிட்டு 2017-ல் வேலைநிறுத்தத்தில் இறங்கினாங்க. 2018 ஏப்ரலில் அங்கே 20,000 குறைந்தபட்ச ஊதியமா அறிவிப்பாச்சு.

சம்பளத்துக்கும் நோயாளிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பாங்க. சம்பளம் கட்டுப்படியாகாத இடத்தில் கைபழகினவங்க நிக்க மாட்டாங்க. நேத்து சேர்ந்த பிள்ளை கையில் ராத்திரி வார்டு மொத்தமும் வந்துடும்.

லீட்ஸ் நர்ஸ்:
இங்கிலாந்தில் இருக்கேன். மோசமான கவனிப்பால் நோயாளிங்க பாதிக்கப்பட்ட ஸ்டாஃபோர்டு மருத்துவமனை விவகாரத்தை விசாரிச்ச ராபர்ட் பிரான்சிஸ் 2013-ல் கொடுத்த அறிக்கையில் 290 பரிந்துரை. அதுக்கப்புறம்தான் வார்டு வாசலில் போர்டு வச்சாங்க: இந்த ஷிஃப்ட்டுக்கு எத்தனை நர்ஸ் வேணும், எத்தனை பேர் வந்திருக்காங்க. நோயாளியோட பிள்ளைங்க அதைப் படிச்சுட்டு நேரா வந்து கேட்கிறாங்க. எனக்கு அந்தக் கேள்விதான் பெரிய பலம். பகலில் ஒரு நர்ஸுக்கு எட்டு நோயாளிக்கு மேல் போனா ஆபத்து கூடுதுன்னு 2014-ல் வழிகாட்டியும் வந்தது. ஆனா அது வெறும் வழிகாட்டிதான். நர்ஸ் எண்ணிக்கைக்குன்னு வேல்ஸில் 2016-ல் சட்டமே போட்டாங்க.

மதுரை ஸ்டாஃப்:
நன்றிக்கா. எங்க வார்டில் இப்போதைக்கு நான் என்ன செய்ய? ஆள் இல்லைன்னு ரிப்போர்ட் புக்கில் எழுதினா மெமோ வருமோன்னு பயமா இருக்கு.

ஓய்வுபெற்ற சூப்பரின்டெண்டன்ட்:
வரலாம். அதனால் தனியா எழுதாதே. நைட் பார்க்கிற எல்லாரும் பேசி வச்சு ஒரே மாதிரி எழுதுங்க. ‘ஆள் பற்றாக்குறை’ன்னு பொதுவா எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க. ‘நோயாளிகள் 28, நர்ஸ் 1, இன்சுலினுக்கு இரண்டாவது கையெழுத்து இல்லை, நைட் சூப்பர்வைசருக்கு 9.40-க்குச் சொல்லப்பட்டது’ன்னு எழுது. சூப்பர்வைசர் கையெழுத்தையும் அங்கேயே வாங்கிடு.