ஏரிக்கரையில் ஓர் இரவு, தண்ணீரில் ஒரு பகல்: சென்னையிலிருந்து எங்கே செல்லலாம்?

ஆதம்பாக்கத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறையில் நாங்கள் நால்வரும், என் மைத்துனர் குடும்பத்தில் நால்வருமாகச் சேர்ந்து ஏதேனும் ஓர் ஏரிக்கரையில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் காலையில் பிள்ளைகளைப் படகில் ஏற்றிவர வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். பிள்ளைகளில் மூத்தவனுக்குப் பதினொரு வயது, கடைக்குட்டிக்கு ஏழு. நான்கு பேர் படுக்கக்கூடிய கூடாரங்கள் இரண்டை வாங்கி, மொட்டை மாடியில் ஒருமுறை விரித்தும் பார்த்துவிட்டோம். வீட்டிற்கு அருகில் என்பதால் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையிலேயே தங்கலாமா என்று யோசிக்கிறேன்; என் மனைவி பழவேற்காடு என்கிறார். இரண்டில் எது சரியாக இருக்கும்? வேறு இடம் இருந்தாலும் சொல்லுங்கள்.

குன்றத்தூர்க்காரர்:

ஐயா, செம்பரம்பாக்கத்தை முதலிலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அது சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி. இப்படிப்பட்ட ஏரியின் கரையில் கூடாரம் அடிப்பதையோ அடுப்பு மூட்டுவதையோ யாரும் அனுமதிக்க மாட்டார்கள். புழல், சோழவரம், பூண்டி ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். பொங்கல் சமயத்தில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரி நிறைந்து கிடக்கும் என்பதால் கரையோரம் ஆழமில்லாததுபோல் தோன்றும். ஆனால் முன்பு மண் எடுத்த பள்ளங்கள் தண்ணீருக்கடியில் எங்கே இருக்கின்றன என்பது ஊர்க்காரர்களான எங்களுக்கே பிடிபடுவதில்லை. முழங்கால் அளவு தண்ணீரில் நின்றவர் அடுத்த அடியில் தலை மூழ்கியதை நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். நல்லவேளையாகப் பக்கத்தில் மாடு கழுவிக்கொண்டிருந்தவர் கயிற்றை வீசி இழுத்துவிட்டார்.

பிள்ளைகள் இதுவரை படகே ஏறியதில்லை என்றால், புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சேத்துப்பட்டு ஏரிப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மீன்வளத் துறையின் பொறுப்பில் 2016ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தப் பூங்காவில் படகு சவாரியும் தூண்டில் போடும் வசதியும் உண்டு. தண்ணீரைக் கண்டு அஞ்சும் பிள்ளை எது, படகில் எழுந்து நின்று ஆடும் பிள்ளை எது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை:

பழவேற்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது; குளிர்காலத்தில் பூநாரைகளைப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் நமக்கு அருகில் இல்லை. ஆனால் உங்கள் தேவை படகு. 2011 டிசம்பர் 25 அன்று அங்கே சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். மீன்பிடிப் படகில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிச் சென்றதன் விளைவு அது. ஆகவே அங்கே கரையில் யாராவது குறைந்த விலைக்குக் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். பறவைகளைக் கரையிலிருந்தே பார்த்துவிட்டு, டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளையும் பார்த்துவிட்டு, மாலைக்குள் திரும்பிவிடுங்கள்.

படகுக்கு என்றால் முட்டுக்காடு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984ஆம் ஆண்டு முதல் நடத்தும் படகுக் குழாம் அது. கூட்டம் பிடிக்காது என்றால், மாமல்லபுரத்தைத் தாண்டிப் புதுச்சேரி செல்லும் சாலையில் முதலியார்குப்பத்தில் அதே கழகத்தின் இன்னொரு படகுக் குழாம் இருக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும். எங்கே சென்றாலும் காலையிலேயே படகை எடுத்துவிடுங்கள். பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் துடுப்புப் போடுவது பெரியவர்களுக்கே தோள்வலி. துடுப்புப் படகில் போகும்போது காற்றை எதிர்த்துச் சென்று, களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும்படி வைத்துக்கொள்வதுதான் எங்கள் வழக்கம்.

ஆதம்பாக்கத்தான்:

இருவருக்கும் நன்றி. முட்டுக்காட்டில் பகலைக் கழிக்கலாம் என்று புரிகிறது. ஆனால் பிள்ளைகள் கூடாரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். கூடாரமும் ஏரியும் ஒரே இடத்தில் அமையவே அமையாதா?

மலைப்பாதை:

அமையும், ஆனால் சென்னைக்குள் அன்று. ஏலகிரிக்குச் செல்லுங்கள். சாலை வழியே ஏறத்தாழ 230 கி.மீ.; ரயிலில் சென்றால் ஜோலார்பேட்டையில் இறங்க வேண்டும். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். பாரியும் ஓரியும் யார் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டே ஏறினால் மூத்தவனுக்குக் குமட்டல் வராமலிருக்கும் (எங்கள் வீட்டில் அப்படித்தான் சமாளித்தோம்). மேலே புங்கனூர் ஏரியில் மிதிபடகும் துடுப்புப் படகும் கிடைக்கும். ஏரிக்கரையிலேயே கூடாரம் அடிக்க இயலாது என்றாலும், கூடாரத்துக்கு இடம் தரும் தனியார் தோட்டங்கள் மலையில் இருக்கின்றன. முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, கழிப்பறை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். ஏழு வயதுப் பிள்ளையை நள்ளிரவில் எழுப்பிக் கூட்டிச் செல்லப்போவது நீங்கள்தான். காப்புக்காட்டுப் பக்கம் மட்டும் போக வேண்டாம்; 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத் தீக்குப் பிறகு அனுமதியில்லாமல் காட்டுக்குள் செல்வதை வனத்துறை சும்மா விடுவதில்லை.

ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம் என்பதால் தை மாத இரவில் நன்றாகவே குளிரும், விடியற்காலையில் கூடாரத்தின் உட்புறம் பனித்துளிகள் சொட்டும். குளிருக்காக எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினால் மூச்சின் ஈரம் இன்னும் அதிகமாகச் சேரும். மேல் வலையைத் திறந்தே விடுங்கள். கீழே விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பனியும் மழையும் அதில் இறங்கி உங்கள் அடியில் வந்து தேங்கும், ஆகவே உட்புறமாக மடித்துவிடுங்கள். கரி அடுப்பையோ கொசுவர்த்தியையோ உள்ளே வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஓரிடத்தில் என் மகளுக்குப் பெரியவர்களின் ஜாக்கெட்டைக் கொடுத்து, "கட்டிக்கிட்டா போதும் சார்" என்றார்கள். நான் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினேன்; ஜாக்கெட் காதுவரை ஏறியது, குழந்தை அப்படியே கீழே நின்றது. தண்ணீரிலும் அதுதான் நடக்கும். ஏறுவதற்கு முன் நால்வருக்கும் இப்படித் தூக்கிப் பாருங்கள். மேலே ஏறினால் சிறிய அளவைக் கேளுங்கள், இல்லையென்றால் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.

ஆதம்பாக்கத்தான்:

ஏலகிரி என்று முடிவாகிவிட்டது. மைத்துனர் இப்போதே கம்பளிகளை மொட்டை மாடியில் வெயிலில் போட்டுவிட்டார். கடைக்குட்டியின் ஜாக்கெட்டை நானே தூக்கிப் பார்க்கிறேன்.